கௌஜ் சாணைக்கு எந்த ஜிக்? வாங்க வேண்டியதும் பட்டறையில் செய்ய வேண்டியதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் லேத்தில் மரம் கடைபவர்கள் கௌஜ் என்னும் குழிவான உளிக்குச் சாணை பிடிக்க ஜிக் (உளியை எப்போதும் ஒரே கோணத்தில் கல்லில் பிடித்துத்தரும் அமைப்பு) தேடினால், உளியைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை மட்டும் நல்லதாகப் பார்த்து விலை கொடுத்து வாங்குங்கள். அதைத் தாங்கும் பேஸையும் முன்னும் பின்னும் நகரும் கையையும் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். கடையில் வருவதைவிடக் கெட்டியாகவே அமையும். மூன்றாவது பொருள் அளவுக் கட்டை: ஜிக்கை ஒவ்வொரு முறையும் அதே அளவில் வைக்க உதவுவது. வெட்டிப் போட்ட மரத்துண்டே அதற்குப் போதும். ஆனால் அது இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் போட்ட பணம் வீண்.

இந்த மலையில் கிடைப்பதெல்லாம் கூர் கேட்கும் மரம். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் அழகே அதன் அகலமான கதிர்கள் தரும் வலைப்பின்னல் கோலம்தான். உளி மழுங்கினால் அந்தக் கதிர்கள்தான் முதலில் பெயர்ந்து குழிகுழியாக வரும். அதற்குப் பிறகு எத்தனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. தைல மரத்தின் நார் ஓர் அடுக்கு வலமாகவும் அடுத்த அடுக்கு இடமாகவும் பின்னிக் கிடக்கும். காய்ந்த சீகையும் பழைய காபித் தண்டும் இரும்பு மாதிரி இறுக்கம். ஒரு கிண்ணம் முடிவதற்குள் நான்கைந்து தடவை கல்லுக்குப் போகவேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் பெவல் (முனையின் சாய்ந்த முகம்) மாறினால், புதுச் சாய்வு முழுதாக விழும்வரை எஃகைத் தேய்த்துத் தள்ள வேண்டும். மாறாமல் இருந்தால் இரண்டு மூன்று உருட்டலில் கூர் வந்துவிடும். ஜிக்கினால் வரும் பயன் இவ்வளவுதான், ஆனால் ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) கௌஜ் ஒன்றின் விலையை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

எல்லா ஜிக்குக்கும் பொதுவான மூன்று அளவு

ஹோல்டருக்கு வெளியே உளி எவ்வளவு நீள்கிறது, ஹோல்டரின் அடியில் நீளும் கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, அந்தக் கால் ஊன்றும், கையின் நுனியிலுள்ள வி-குழி கல்லின் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. பெயரும் நிறமும் எதுவாக இருந்தாலும், கல்லும் உளியும் மாறாதவரை, கௌஜின் உருவத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்று அளவுகள்தான். நீட்டம் கூடினால் பெவல் கூர்ந்து போகும், குறைந்தால் மொண்ணையாகும். வி-குழியைக் கல்லிலிருந்து வெளியே இழுத்தால் மொண்ணை, உள்ளே தள்ளினால் கூர். காலின் சாய்வு இறக்கைகளை (மூக்கின் இரண்டு பக்க வெட்டுமுனைகளை) ஆள்கிறது: சாய்வைக் கூட்டினால் இறக்கைகள் பின்னோக்கி நீண்டு ஐரிஷ் கிரைண்ட் என்ற வடிவமாகும், குறைத்தால் குட்டையாக நிற்கும்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மி.மீ. கல், கால் நுனியிலிருந்து உளியின் மூக்கு வரை 150 மி.மீ., மூக்கில் 55 டிகிரி பெவல். நீட்டம் வெறும் 3 மி.மீ. பிசகினால் பெவல் சுமார் 4 டிகிரி மாறிவிடுகிறது. கல் தேய்ந்து 200 மி.மீ. 190 ஆகி, கையை மட்டும் பழைய இடத்திலேயே பூட்டி வைத்திருந்தால் 8 டிகிரிக்கு மேல் மொண்ணையாகிறது. கையின் மேல் பெயிண்டால் கோடு போட்டுவைத்து "இதுதான் அளவு" என்று நம்பியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோடு நகரவில்லை, கல் சுருங்கிவிட்டது. அதனால் தூரத்தை எப்போதும் கல்லின் முகத்திலிருந்து வி-குழியின் அடி வரை அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும், கட்டையை வைத்து. கல் ரொம்பவே தேய்ந்துபோனால் அந்தத் தூரமும் கொஞ்சம் பிசகும். அப்போது பின்னால் சொல்லும் மார்க்கர் சோதனை செய்து கட்டையைப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

கடையில் கிடைப்பவை

கனடாவின் ஒன்வே நிறுவனத்தின் வுல்வரின்தான் இந்த வகைக்கெல்லாம் முன்மாதிரி. கிரைண்டரின் இரண்டு கல்லுக்கும் கீழே ஒவ்வொரு பேஸ், அதில் சொருகி நகர்த்தும் வி-ஆர்ம், தட்டை உளிகளுக்கு ஒரு மேடை. கௌஜுக்கு வேண்டிய வேரி-கிரைண்ட் ஹோல்டர் தனி உருப்படி. பெட்டியில் இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். நெம்பைத் திருப்பினால் கை பூட்டிக்கொள்ளும், ஒரு நொடி வேலை. வேரி-கிரைண்டுக்கு வழக்கமான நீட்டம் 1¾ அங்குலம், அதாவது 45 மி.மீ.; கால் கோணத்துக்குப் பலரும் தொடங்கும் இடம் 23 டிகிரி.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிரைண்டரின் அச்சு, பேஸ் உட்காரும் பலகையிலிருந்து சுமார் 6 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு உயரமில்லாத கிரைண்டரே அதிகம். அடியில் கனமான பலகை கொடுத்து உயர்த்தாவிட்டால் கூர்மையான பெவலே கிடைக்காது. இரண்டாவது, கால் கோணம் மாற்றக்கூடியது என்பதே ஆபத்து. ஸ்பிண்டில் கௌஜுக்கு (நீளத் தண்டு கடைய) ஒன்று, பவுல் கௌஜுக்கு (கிண்ணம் கடைய) ஒன்று என்று திருப்பித் திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கு அது சரியாக வராது. ஒரு கோணத்தை முடிவுசெய்து, காலும் உடலும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் ஒரே கீறலாகக் கீறிவையுங்கள். எல்லாக் கௌஜையும் அந்த ஒரே கோணத்தில் பிடித்து, வித்தியாசத்தை வி-குழித் தூரத்தில் மட்டும் கொடுங்கள். ஸ்பிண்டில் கௌஜுக்கு 40 டிகிரி, பவுல் கௌஜுக்கு 55 என்றால், இரண்டு அளவுக் கட்டை. காலைத் தொட வேண்டியதே இல்லை.

அமெரிக்க மரக்கடைசல் கலைஞர் டேவிட் எல்ஸ்வர்த் பெயரில் வரும் ஜிக் இதே எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறது: கால் வெல்டு செய்தது, அசையாது. நீட்டம் 2 அங்குலம், கல் முகத்திலிருந்து வி-குழி 7 அங்குலம். எத்தனை வருஷம் கழித்துப் பிடித்தாலும் அதே இறக்கை, அதே மூக்கு. கிண்ணம் மட்டுமே கடைபவருக்கு இதைவிட நல்ல ஹோல்டர் இல்லை என்பேன். நுணுக்கமான ஸ்பிண்டில் வேலை செய்பவருக்கு இது பொருந்தாது. மூக்கு மொண்ணையாகவே வரும், மணி போன்ற உருண்டை வடிவம் கடையும்போது பக்கத்து மணியில் இடிக்கும்.

ஸ்வீடனின் டார்மெக் எஸ்.வி.டி-186 ஹோல்டர் செய்நேர்த்தியில் எல்லாவற்றுக்கும் மேலே. காலின் இடம் 0 முதல் 6 வரை எண்ணாகவே பொறிக்கப்பட்டிருக்கும். நீட்டம் 55, 65, 75 மி.மீ. என்று மூன்றே. டி.டி.எஸ்-100 என்ற அளவுத் தகடு ஒன்று உண்டு. அதன் இரண்டு வட்டுகளும் கல்லைத் தொடும்படி வைத்தால் கல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தாங்கு கம்பியின் தூரம் தானாகச் சரியாக விழும். மேலே சொன்ன கல் தேய்மானச் சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வை நான் பார்க்கவில்லை. பி.ஜி.எம்-100 என்ற பூட்டை வாங்கினால் இந்த ஹோல்டரைச் சாதாரண உலர் கிரைண்டரிலும் பயன்படுத்தலாம். விலைதான் தடை.

டார்மெக்கின் தண்ணீர்ச் சாணை எந்திரத்தையே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: டி-8 எந்திரத்தின் 250 மி.மீ. கல் நிமிஷத்துக்கு 90 சுற்றுதான் சுற்றும். உளி சூடேறாது, கூர் மெருகாக வரும். ஆனால் புதுக் கௌஜை வேறு உருவத்துக்கு மாற்ற அதில் உட்கார்ந்தால் பொழுது போய்விடும். கொடைக்கானலில் மார்கழி, தையில் உறைபனி விழும் இரவுகளில் ஈரம் ஊறிய கல்லை வெளிக்கொட்டகையில் விடக்கூடாது. கல்லின் துளைகளுக்குள் இருக்கும் நீர் உறைந்தால் விரியும், கல்லில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றி நீரைக் கொட்டிவிட வேண்டும். கல் பாதி நீரில் நின்றாலும் ஒரு பக்கம் கனத்து மறுநாள் தள்ளாடும்.

ராபர்ட் சார்பியின் புரோஎட்ஜ் கல்லுக்குப் பதில் பட்டையில் தீட்டுவது. வேகமானது, நல்லது. பட்டை தீரும்போது அடுத்த பட்டை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மலைமேல் இருப்பவர் முதலில் பதில் வைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் மலிவாக வரும் வேரி-கிரைண்ட் மாதிரி ஹோல்டர்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கத் தேவையில்லை. சோதித்து வாங்கினால் போதும். நேரான 12 மி.மீ. உருட்டுக் கம்பியை அதில் கவ்வி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். கம்பி ஹோல்டரின் நடுக்கோட்டில் போகாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கைகள் இரண்டும் ஒரே நீளத்தில் வரவே வராது, திருப்பி அனுப்புங்கள். காலைப் பூட்டிவிட்டு நுனியைப் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம். கவ்வும் திருகின் மரை அலுமினிய வார்ப்பிலேயே வெட்டப்பட்டிருந்தால் அது சீக்கிரம் சாப்பிட்டுப்போகும். அதைத் துளையிட்டு எஃகு நட் ஒன்றை உள்ளே பதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கௌஜ் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டன்காரர்கள் குழிவின் அகலத்தைச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் தண்டின் விட்டத்தைச் சொல்வார்கள். பிரிட்டனின் 3/8 அங்குல பவுல் கௌஜின் தண்டு ½ அங்குலம் இருக்கும். ஹோல்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் தண்டை வெர்னியரில் அளந்து கேளுங்கள். ½ அங்குலமும் 5/8 அங்குலமும் இரண்டும் உட்கார வேண்டும்.

பேஸும் கையும்: பட்டறையில் செய்வது

கைக்கு 25×25 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) சதுரக் குழாய், 450 மி.மீ. நீளம். அது ஓடும் கூட்டுக்குப் பெரிய சதுரக் குழாயைத் தேடாதீர்கள். குழாயின் உள்ளே நீளவாக்கில் வெல்டிங் மடிப்பு ஓடும். அதை 150 மி.மீ. ஆழத்துக்கு அரத்தால் ராவி எடுப்பது பெரிய தலைவலி. 30×30×3 மி.மீ. எல்-ஆங்கிளில் 150 மி.மீ. துண்டு இரண்டு வெட்டி, எதிரெதிர் மூலையாக முகம் பார்த்து வைத்தால் உள்ளே 27×27 மி.மீ. சதுரப் பெட்டி கிடைக்கும். கையைச் சுற்றி 2 மி.மீ. இடைவெளி விழுகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த இடைவெளி வேண்டும்: வெல்டு ஆறும்போது ஆங்கிள் உள்ளே இழுக்கும், இடைவெளி இல்லாவிட்டால் கை சிக்கிக்கொள்ளும்.

ஆட்டத்தை நீக்குவது இரண்டு போல்ட். ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து, எம்10. துளைக்கு நேர்மேலே நட்டை வைத்து வெல்டு செய்து, போல்ட் தலையில் ஒரு குறுக்குக் கம்பியை ஒட்டிவிட்டால் ஸ்பானர் வேண்டாம். இரண்டையும் இறுக்கும்போது கை எப்போதும் எதிர்ப்பக்கத்தின் அதே மூலையில் போய் ஒட்டி நிற்கும். முதலில் பக்கத்துப் போல்ட், பிறகு மேல் போல்ட் என்று வரிசையை மாற்றாமல் இறுக்குங்கள். போல்ட் நுனி குழாயைக் குத்திப் பள்ளம் போடாமல் இருக்க உள்ளே ஒரு பித்தளைத் துண்டு போட வேண்டும். பள்ளம் விழுந்தால் கை ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்துக்கே வழுக்கிப் போகும். நீங்கள் வைத்த அளவில் நிற்காது.

வெல்டை ஒரே இழுப்பாக ஓட விடக்கூடாது. கையை உள்ளே வைத்தபடி நான்கு மூலையிலும் பொட்டு வைத்து, கை ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு ஒரு பக்கம் 20 மி.மீ., எதிர்ப்பக்கம் 20 மி.மீ. என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கூட்டின் அடியில் 6 மி.மீ. தகடு, 100×150, நான்கு மூலையிலும் 8 மி.மீ. போல்ட்டுக்குத் துளை. துளையை வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக்கினால் பிறகு நேர்படுத்த வசதி.

வி-குழிக்கு 25×25×3 ஆங்கிளில் 40 மி.மீ. துண்டு. வாய் மேலே பார்க்கும்படி, கைக்குக் குறுக்காக, கையின் நுனியில் வெல்டு செய்ய வேண்டும். இரண்டு ஓரத்தையும் சிறு தகட்டால் மூடிவிடுங்கள். தீட்டும்போது கால் நழுவி வெளியே வந்தால் உளி கல்லுக்குள் பாயும். வி-யின் உள்மூலையில் வெல்டுப் பொட்டு எதுவும் தெறித்து ஒட்டியிருக்கக்கூடாது. விரல் நகத்தை அதன் வழியே ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது. கால் நுனி அங்கே உருளும்போது ஒரு பொட்டில் ஏறி இறங்கினால் அது அப்படியே இறக்கையில் ஒரு பள்ளமாகப் பதியும்.

கிரைண்டரின் கீழே பூட்டும்போது, கையின் நடுக்கோடு கல்லின் அகலத்தின் நடுவுக்கு நேராக வர வேண்டும். அச்சுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். கல்லின் பக்கவாட்டு முகத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இது 5 மி.மீ. விலகினாலும் ஒரு இறக்கை நீளும், மற்றது குட்டையாகும். ஹோல்டரைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள்.

ஹோல்டரையும் செய்துகொள்ள விரும்பினால், திண்டுக்கல்லில் ராவு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அந்த ஊருடையது. சாவியின் பல்லை அரத்தால் ராவிப் பொருத்தும் ஆளுக்கு இந்த வேலை எளிது. 50 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலமுள்ள கட்டி எஃகு அல்லது அலுமினியம். தண்டு உட்காரும் இடத்தின் அடி வட்டத் துளையாக வேண்டாம், வி-பள்ளமாக இருக்கட்டும். வட்டத் துளையில் ஒரே விட்டம்தான் நடுவில் உட்காரும். வி-பள்ளத்தில் 10 மி.மீ. தண்டும் 16 மி.மீ. தண்டும் தானாக நடுக்கோட்டுக்கு வரும். மேலிருந்து எம்8 திருகு. அதன் நுனியில் 15 மி.மீ. அகலமுள்ள தட்டையான பித்தளைத் தகடு, திருகு சுற்றினாலும் தான் சுற்றாதபடி, ஆனால் லேசாக அசையும்படி. இந்தத் தகட்டில்தான் முழுச் சூட்சுமமும். அது குழிவின் இரண்டு விளிம்பின் மேலும் ஒருசேரப் படியும்போது, உளி சற்றுத் திரும்பியிருந்தால் உயர்ந்து நிற்கும் விளிம்பை அழுத்தி உளியைத் தானே நேராக உருட்டிவிடும். கூர்முனைத் திருகாக இருந்தால் குழிவின் நடுவில் குத்தி, உளி எப்படித் திரும்பியிருந்ததோ அப்படியே பூட்டிவிடும். காலுக்கு 10 மி.மீ. கம்பி, நுனி அரைக்கோளமாக உருட்டியது. முதலில் காலை ஒரு எம்8 போல்ட்டில் பூட்டி, பிடித்த கோணம் கிடைக்கும்வரை பழைய உளியில் முயன்று, பிறகு வெல்டு வைத்துவிடுங்கள்.

அளவுக் கட்டை

நீட்டத்துக்கு ஒரு கட்டை: மேசை ஓரத்தில் ஒரு பலகை, அதன் முகத்திலிருந்து சரியாக 45 மி.மீ. தள்ளி ஒரு தடுப்பு. ஹோல்டரைப் பலகையின் முகத்தில் முட்ட வைத்து, உளியின் மூக்கு தடுப்பைத் தொடும்வரை தள்ளி, திருகை இறுக்க வேண்டும். தடுப்பின் மேல் ஒரு அலுமினியத் துண்டை ஒட்டுங்கள். வெறும் மரமாக விட்டால் கூர்முனை தினமும் குத்திக் குத்தி ஒரு மாதத்தில் பள்ளம் விழும், நீட்டம் கூடிவிடும்.

தூரத்துக்குக் கௌஜ் ஒன்றுக்கு ஒரு குச்சி. ஒரு முனை வி-குழியில், மறுமுனை கல்லின் முகத்தில். இதை மரத்தின் நார் போகும் திசையிலேயே நீளமாக வெட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கும் ஊரில், நாருக்குக் குறுக்கே வெட்டிய மரம் ஈரம் குடித்து உப்பும். நார் வாக்கில் நீளம் மாறுவது கண்ணுக்குத் தெரியாத அளவு. குச்சியின் மேல் கௌஜின் பெயர், நீட்டம், டிகிரி மூன்றையும் பென்சிலால் எழுதி வார்னிஷ் பூசிவிடுங்கள்.

புதுக் கௌஜுக்கு முதல் குச்சியின் நீளத்தைக் கண்டுபிடிக்க மார்க்கர் பேனா போதும். பெவல் முழுவதும் கறுப்பு பூசி, ஹோல்டரில் பூட்டி, கல்லைக் கையால் மட்டும் அரைச் சுற்று சுற்றுங்கள். மை குதிப்பக்கம் (பெவலின் பின்விளிம்பு) மட்டும் அழிந்தால் அமைப்பு உளியைவிடக் கூராக இருக்கிறது. கையை வெளியே இழுங்கள். வெட்டுமுனைப் பக்கம் மட்டும் அழிந்தால் உள்ளே தள்ளுங்கள். குதியிலிருந்து முனை வரை ஒரே கோடாக அழியும் இடத்தில் போல்ட்டை இறுக்கி, குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

தீட்டும்போது கெடுவது

அதிகம் காணும் குறை கிளிமூக்கு: மூக்கு கூம்பாக நீண்டு, இரண்டு பக்கமும் பள்ளம். காரணம், இறக்கைக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள தோளில் கை அதிகநேரம் நிற்பது. அங்கே எஃகு மெல்லியது, சீக்கிரம் கரைந்துவிடும். முதலில் இரண்டு இறக்கைகளையும் நேராக்கி, பிறகு ஒரு இறக்கையிலிருந்து மறு இறக்கைக்கு நிற்காமல் உருட்டி, கடைசியாக மூக்கில் மட்டும் சற்றுத் தங்குங்கள். குழிவு வி-வடிவமாக ஆழமாக இருக்கும் கௌஜ்களில் எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் மூக்கு கொஞ்சம் கூம்பும். அது உளியின் அமைப்பு, ஜிக்கின் பிழை இல்லை.

அழுத்தம் கொடுக்கவே கூடாது. ஹோல்டரின் காலை வி-குழியில் ஒரு கை அமர்த்தட்டும், மறுகை கைப்பிடியை உருட்டட்டும். கல்லின் மேல் விழுவது உளியின் சொந்தக் கனம் மட்டுமே. பொறி வெட்டுமுனையைத் தாண்டி குழிவின் உள்ளே வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பெவல் முனைவரை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் தேய்ப்பது உளியை வீணாக்குவது.

எந்த எஃகு என்று தெரியாத உளியைப் பொறியை வைத்தே அறியலாம். உள்ளூர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்த உளி, மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பிரிந்து பொரியும். ஹெச்.எஸ்.எஸ். மங்கிய ஆரஞ்சு நிறத்தில் குட்டையாக, பூக்காமல் விழும். முதல் வகை நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. நீலம் முழுவதும் தேய்த்துத் தள்ளியாக வேண்டும், அதனால் அதை அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். ஹெச்.எஸ்.எஸ். 500 டிகிரி செல்சியஸ் வரைகூட பதம் இழக்காது. நீலம் தெரிந்தால் கவலை வேண்டாம். ஆனால் அதைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டால் முனையில் மயிரிழை விரிசல் விடும்.

கல், மோட்டார்

கிரைண்டருடன் வரும் சாம்பல் நிறக் கல்லில் நல்ல ஜிக்கும் தோற்கும். அது பொதுவேலைக்கான கடினக் கல்; மழுங்கிய துகளை உதிர்க்காமல் பளபளப்பாகி, உளியை வெட்டாமல் சூடேற்றும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லாகக் கேளுங்கள்: டபிள்யூ.ஏ., 80 கிரிட், கடினம் கே, விட்ரிஃபைடு. கார்போரண்டம் யுனிவர்சல், கிரைண்ட்வெல் நார்ட்டன் இரண்டிலும் இந்த வகை உண்டு. மாட்டுவதற்கு முன் துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அந்தக் கல்லைத் தொடாதீர்கள். பக்கத்துக் காகித வளையத்தைக் கிழிக்காமல் மாட்டி, முதல் ஒரு நிமிஷம் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஓட விடுங்கள்.

சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) கல் வாங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை மறைந்துவிடும். விட்டம் மாறாது, கல்லின் முகத்தைச் சீராக்கும் டிரெஸ்ஸர் வேண்டாம், குச்சியின் நீளம் நிரந்தரம். தினசரிக் கூருக்கு 180 கிரிட். பதமேறாத மென் இரும்பை அதில் வைக்கக்கூடாது. துகளின் இடையில் இரும்பு அப்பிக்கொள்ளும். ஹோல்டர் கட்டியை ராவ அந்தக் கல் இல்லை. எஃகு உடல் உள்ள சி.பி.என். கல் கனமானது, மழைக்காலத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊரில் சின்ன மோட்டார் அதைச் சுழற்ற உறுமும். அலுமினிய உடல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், மோட்டாரும் ½ ஹெச்.பி.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

வேகத்தை மோட்டாரின் பெயர்த்தகட்டில் பார்த்து வாங்குங்கள். நிமிஷத்துக்கு 2,850 சுற்று என்றிருந்தால் 200 மி.மீ. கல்லின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடும். 1,440 என்றால் 15 மீட்டர். ஜிக் பழகாதவருக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மெதுவான ‘4-போல்’ (pole) மோட்டாரே நல்லது, தவறினாலும் எஃகு அதிகம் போகாது. ஆனால் வேகமான கிரைண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை விற்க வேண்டாம், தொடுதலை லேசாக்கினால் போதும்.

கட்டையை முதலில் உருட்டையாக்கும் ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜை இந்த ஹோல்டரில் மாட்டாதீர்கள். அதற்கு இறக்கை தேவையில்லை, வாய் நேராக இருக்க வேண்டும். கைப்பிடியின் பின்முனையை வி-குழியில் ஊன்றி, 45 டிகிரியில் அப்படியே உருட்டினால் போதும். அதற்கென்று ஒரு நீளக் குச்சி தனியாக வெட்டி வையுங்கள்.

ஹோல்டர் காலின் நுனியை மாதம் ஒருமுறை பாருங்கள். பனி ஈரத்தில் அது துருப்பிடிக்கும், வி-குழியில் உரசி உரசி ஒரு பக்கம் தட்டையாகும். தட்டையான நுனி உருளாது, தாவும். உப்புத்தாளால் மறுபடி உருட்டி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, மார்க்கர் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். நுனி தேய்ந்த அளவு குச்சியையும் திருத்த வேண்டியிருக்கும்.